பழைய இரும்பும் பழுதில்லா நாவும்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் இராசபாளையத்தைக் கடந்து தெற்கு நோக்கி வந்தால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எங்கள் சிவகிரி எதிர்ப்படும். ஒரு காலத்தில் ஜமீன் ஆண்ட ஊர். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது. பின்னர் தனி வட்டமாகி, 2019ஆம் ஆண்டு பிறந்த தென்காசி மாவட்டத்தோடு இணைந்தது. ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் இராசபாளையத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோதான் போக வேண்டும். ஆகவே அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் புறப்படுகிறவர்களும், சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்களும் அன்று வாடகைக் காரையே நம்பியிருந்தார்கள். அந்த வாடகைக் கார்களில் ஒன்று எங்கள் அத்தாவுடையது. வெள்ளை அம்பாசடர். எங்கள் வீட்டில் ஐந்து பேர் உண்டதும் உடுத்ததும் அதன் நான்கு சக்கரங்களின் மேல்தான்.

1994ஆம் ஆண்டு ஆனி மாதம். மலையில் சாரல் இறங்கியிருந்தது. வாடகைக் காருக்கு அதுதான் அறுவடைக் காலம். ஒரு மாலை, குற்றாலத்திலிருந்து திரும்பும் வழியில், புளியங்குடிக்கு இப்பால் காரின் பின்புறத்திலிருந்து கடகடவென்று ஓர் ஓசை கிளம்பிற்று. சிறிது தூரத்தில் கார் நின்றே போய்விட்டது. கட்டி இழுத்து வந்து, எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி பின் அச்சைப் பிரித்துப் பார்த்தபோது, கிரவுன் பினியனின் பற்கள் சில நொறுங்கி எண்ணெயில் கிடந்தன. புதிது வாங்கக் கையில் பணமில்லை. அம்மா தன் வளையல் ஒன்றைக் கழற்றி அத்தாவின் கையில் வைத்தார்கள். “புதுப்பேட்டைக்குப் போய்ப் பழையது பார்ப்போம். தம்பியும் என்னோடு வரட்டும், கற்றுக்கொள்வான்” என்றார் அண்ணாச்சி. அப்போது எனக்கு இருபது வயது. கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, பழைய இரும்பு வாங்குவதில் என்று எண்ணியபடியே நான் புறப்பட்டேன்.

காயலான் கடை என்னும் பெயர்

பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைக்குத் தமிழ்நாடு முழுவதும் வழங்கும் பெயர் ‘காயலான் கடை’. பேச்சு வழக்கில் ‘காயலாங்கடை’. காயல்பட்டினத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் பழம்பொருள் வியாபாரத்தில் ஈடுபட்டதால் இப்பெயர் நிலைத்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் இடம் பெற்ற காயல் துறைமுகம் இருந்த கடற்கரை அது. முத்தும் குதிரையும் கைமாறிய கரையின் பெயர், காலப்போக்கில் துருப்பிடித்த இரும்புக்கு அடையாளமாகிவிட்டது. இன்று ஓடாத வண்டியைக் கண்டால் “காயலாங்கடைக்குப் போடு” என்று இகழ்ச்சியாகச் சொல்கிறோம். ஒருவன் வேண்டாம் என்று எறிந்ததை இன்னொருவனுக்கு உதவும்படி மீட்டெடுக்கும் தொழில் அது என்பதை நாம் நினைப்பதில்லை.

எழும்பூரிலிருந்து நடந்து

மறுநாள் காலை மதராஸ் எழும்பூரில் இறங்கினோம். அந்நகரம் சென்னை என்று அதிகாரபூர்வமாகப் பெயர் பெற்றது 1996இல்தான். ரயில் நிலையத்திலிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். அன்று ஹாரிஸ் சாலை என்று பரவலாக அறியப்பட்ட சாலை இன்று ஆதித்தனார் சாலை. அதையொட்டிய தெருக்களில் திரும்பியதும் காற்றின் மணம் மாறுகிறது. மசகு எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். அப்பால் கூவம் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில், 1734ஆம் ஆண்டு கும்பினியார் நெசவாளர்களைக் குடியேற்றிய சிந்தாதிரிப்பேட்டை.

கடைகள் என்று சொன்னால் கண்ணாடி அலமாரிகளைக் கற்பனை செய்ய வேண்டாம். பத்தடி அகலத்தில் ஒரு திறப்பு. உள்ளே தரையிலிருந்து கூரை வரை இரும்பு. ஒரு கடையில் கதவுகள் மட்டும். அடுத்ததில் முன் விளக்குகள் மட்டும். அதற்கடுத்ததில் கியர் பாக்ஸ்கள் வெட்டிய ஆட்டுத்தலைகள் போல வரிசையாக அமர்ந்திருக்கும். தெருவோரத்திலேயே சுத்தியலும் உளியுமாக ஒருவர் காரைப் பிரித்துக்கொண்டிருப்பார். டெல்லிக்கு மாயாபுரி, கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், கோயமுத்தூருக்கு உக்கடம் எப்படியோ, அப்படி மதராஸுக்குப் புதுப்பேட்டை.

“எடுத்த எடுப்பில் விலை கேட்காதே. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலையே கேட்காதே. கேட்டு, அவர் சொல்லி, நீ ஒரு விலை வைத்து, அதற்கு அவர் சம்மதித்துவிட்டால், அப்புறம் வேண்டாம் என்று நடக்கக் கூடாது” என்று வழியிலேயே மூன்று கட்டளைகளை இட்டிருந்தார் அண்ணாச்சி.

மூன்று ஜோடியும் ஒரு தவறும்

நாங்கள் சென்ற கடையில் முதிய பாய் ஒருவர் முக்காலியில் அமர்ந்து பேரிங் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஸலாமுக்குப் பதிலாக வணக்கம் சொல்லி, நொறுங்கிய பினியனைத் துணியிலிருந்து அவிழ்த்துப் பலகையின் மேல் வைத்தார். வேறொன்றும் பேசவில்லை. பாய் அதைக் கையிலெடுத்துப் பற்களை விரலால் எண்ணினார். உள்ளே போய் மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

கிரவுன் சக்கரமும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டு இழைக்கப்படுபவை. ஒன்றின் பல் மற்றொன்றின் பல்லுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். அதனால்தான் இரண்டின் மீதும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒரு ஜோடியின் கிரவுனையும் வேறு ஜோடியின் பினியனையும் சேர்த்தால், பற்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஊளையிடும். வெகு விரைவில் தேயும். அண்ணாச்சி எண்களைத் தேடுவதற்கு முன்பே பாய் ஒரு ஜோடியை ஒதுக்கிவிட்டார். “மேஸ்திரி, இது ஜோடி மாறினது. உங்களுக்கு வேண்டாம். எடைக்குப் போட வைத்திருக்கிறேன்” என்றார்.

மற்ற இரண்டில் ஒன்றை அண்ணாச்சி தேர்ந்தெடுத்தார். பற்களின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். உரசிய தடம் பல்லின் நடுவே விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகே விலை கேட்டார்.

“ஆயிரத்து எண்ணூறு.”

நான் முந்திக்கொண்டேன். “இந்தத் துருப்பிடித்த இரும்புக்கா? ஐந்நூறு தருகிறோம்” என்றேன். பேரம் என்றால் அதுதான் என்று எனக்கு நினைப்பு. பாய் கோபப்படவில்லை. ஜோடியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, மீண்டும் பேரிங்கைக் கழுவத் தொடங்கினார். என் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை.

அண்ணாச்சி என்னைத் தெருவுக்கு அழைத்துச் சென்று மெல்லிய குரலில் சொன்னார்: “தம்பி, பொருளைத் தூற்றி வாங்குகிறவன், அதே பொருளை வண்டியில் மாட்டி எதை நம்பி ஓட்டுவான்? விலை அதிகம் என்று சொல், தப்பில்லை. பொருள் மட்டம் என்று பொய் சொல்லாதே. மட்டம் என்றால் எதற்கு வாங்குகிறாய்?”

திரும்பிப் போய் அவரே பேசினார். “பாய், பையன் தெரியாமல் சொல்லிவிட்டான். நாங்கள் கொண்டுவந்தது 1,700 ரூபாய். பேரிங்கும் ஆயில் சீலும் வாங்க வேண்டும். ஊர் போய்ச் சேர வேண்டும். 1,350 தர முடியும்” என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. வளையல் வைத்து வந்த பணமே அவ்வளவுதான். பாய் சற்று நேரம் யோசித்து, “ஆயிரத்து நானூறு. பொருத்திப் பாருங்கள். சத்தம் வந்தால் பதினைந்து நாளுக்குள் கொண்டுவாருங்கள். வேறு மாற்றித் தருகிறேன். பணமாகத் திருப்பித் தர மாட்டேன்” என்றார். அண்ணாச்சி கையை நீட்டினார். பாய் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் பிடித்தார்.

பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒருவர் கடைக்குள் வந்தார். அதே ஜோடியைப் பார்த்துவிட்டு, “ஆயிரத்து அறுநூறு தருகிறேன், எனக்குக் கொடுங்கள்” என்றார். எங்கள் பணம் இன்னும் பாயின் கைக்குப் போகவில்லை. என் நெஞ்சு திக்கென்றது. பாய் தலை நிமிராமலே, “இது பேசி முடிந்தது. இன்னொரு ஜோடி இருக்கிறது, பாருங்கள்” என்றார்.

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் விலை வைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறேன். ஓதியதை ஒரு மனிதர் இருநூறு ரூபாய் இழந்து கடைப்பிடித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

விலை எங்கிருந்து பிறக்கிறது?

பழைய உதிரிப் பாகத்துக்கு அச்சடித்த விலை கிடையாது. ஆனாலும் அது வாய்க்கு வந்த விலையன்று. அதற்கு ஒரு தரையும் உண்டு, ஒரு கூரையும் உண்டு. தரை, இரும்பின் எடை விலை. அதற்குக் கீழே எந்தக் கடைக்காரரும் இறங்க மாட்டார். கூரை, அதே பாகம் புதிதாகக் கிடைக்கும் விலை. அதை நெருங்கினால் வாங்குபவர் புதியதையே வாங்கிக்கொள்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் விலையை ஏற்றி இறக்குபவை நான்கு: எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கிடைப்பது எவ்வளவு அரிது, கழற்றிக் கழுவிய கூலி எவ்வளவு, திரும்பக் கொண்டுவந்தால் மாற்றித் தரும் பொறுப்பை விற்பவர் ஏற்கிறாரா என்பவை. மாற்றித் தரும் வாக்கோடு வரும் பொருளுக்கும், ‘எடுத்தால் எடுத்ததுதான்’ என்னும் பொருளுக்கும் ஒரே விலை கேட்பது நியாயமன்று.

அரிது என்பதன் பொருள் பின்னாளில் நன்றாக விளங்கிற்று. வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து தயாராகி வந்த அம்பாசடர் 2014 மே மாதத்தில் நின்றது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, அதே 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. ஒரு காரின் உற்பத்தி நின்றுவிட்டால் விலையின் கூரை மெல்ல மெல்ல மறைந்துவிடுகிறது. நேற்று எடைக்குப் போன கண்ணாடிச் சட்டத்துக்கு இன்று கேட்ட விலை கிடைக்கும். தேவைப்படுகிறவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் சோதனையும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல்களால் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. பிறர் முன்னிலையில் ஒருவருடைய பொருளின் மதிப்பைக் குறைத்துப் பேசாதிருக்க அதுவும் ஒரு வழி. புதுப்பேட்டையில் துண்டு கிடையாது. ஆனால் அடுத்த கடைக்காரர் காதில் விழும்படி “அங்கே இதைவிடக் குறைவு” என்று உரக்கச் சொல்வதை அங்கும் யாரும் மதிப்பதில்லை.

வாங்கக் கூடாதவை

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. சில ஆண்டுகளுக்குப் பின், வேறோர் ஊரில், ஒரு கடையில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கறுப்பு வர்ணம் பூசிப் புதுசு போலிருந்தது. கேட்டதில் பாதி விலைக்குப் பேசி முடித்த பெருமிதத்தில், உள்ளே திறந்து பார்க்கத் தோன்றவில்லை. செங்கோட்டைக்கு மேற்கே மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போயிற்று. அத்தா கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார்கள். பின்னிருக்கையில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பிரித்துப் பார்த்தபோது உள்சுவர் அரித்துக் குழி விழுந்திருந்தது. வர்ணம் பூசியவர் அதை அறியாமல் பூசியிருக்க முடியாது. ஆனால் நானும் பார்க்காமல் வாங்கினேன்.

ஆகவே வாசக அன்பர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை, கியர் பாக்ஸ் போன்றவற்றைப் பார்த்துப் பழையதாக வாங்கலாம். பிரேக்கின் ரப்பர், குழாய், லைனிங், ஸ்டியரிங்கின் மூட்டுகள், டயர், இருக்கைப் பட்டை, இக்காலத்து ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. உயிரைக் காக்கும் பொருளில் பேரத்துக்கு இடமில்லை.

மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே பரப்பி விற்ற ஒருவரின் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். கறுப்பு வர்ணமும் அந்த உலர்ந்த தானியம்தான்.

சட்டத்தின் கண்

மிகக் குறைந்த விலையும் ஓர் எச்சரிக்கையே. எஞ்சின் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, எந்தக் காரிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தாலோ, நடையைக் கட்டுவது நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவில் இருந்த இது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் இருக்கிறது. திருட்டு வண்டிகளை உடைக்கும் இடம் என்று பெயரெடுத்த மீரட் நகரத்துச் சோத்திகஞ்ச் சந்தை, 2021 டிசம்பரில் காவல்துறையின் நடவடிக்கையால் மூடப்பட்டது. சிலர் செய்த குற்றத்துக்கு நேர்மையாக வணிகம் செய்தவர்களும் கடையைப் பூட்ட நேர்ந்தது. ஆகவே ரசீது கேட்பது கடைக்காரரை அவமதிப்பதாகாது; அவருடைய நல்ல பெயருக்கும் அது காவல்.

நான் விற்றபோது

வாங்குபவனாக இருந்த எனக்கு விற்பவனாகும் நாள் 2015இல் வந்தது. அத்தா காலமாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளைக் கார் முற்றத்தில் துருவேறி நின்றது. அம்பாசடரின் உற்பத்தி நின்றுவிட்ட செய்தி கேட்டு, வாடகைக் கார் வைத்திருக்கும் ஒருவர் எஞ்சினை மட்டும் கேட்டு வந்தார். பதினெட்டாயிரத்துக்குப் பேச்சு முடியும் நிலையில் இருந்தது.

அந்த எஞ்சினின் பிளாக்கில் ஒரு விரிசல் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ரேடியேட்டர் தண்ணீர் வற்றிச் சூடேறியபோது விழுந்தது. அண்ணாச்சி அதைப் பற்றவைத்து மூடியிருந்தார். எண்ணெய்க் கறை படிந்து வெளியே தெரியாது. “அவர் கேட்கவில்லையே, அண்ணே. கேட்காததற்கு நாம் ஏன் சொல்ல வேண்டும்? தங்கச்சி மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது?” என்று தம்பி என் காதில் சொன்னான். அவன் கேட்டதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் வந்தவரை அழைத்து, துணியால் துடைத்து, விரிசலைக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். விலை பதினோராயிரத்துக்கு இறங்கிற்று. “சொன்னது நல்லது” என்றார், அவ்வளவுதான். புகழ்ந்து பேசவோ, மனம் நெகிழ்ந்து கூடுதலாகத் தரவோ இல்லை. ஏழாயிரம் ரூபாய் போயிற்று. தம்பி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன். அந்த இரவு எனக்கு நிம்மதி வந்தது என்று எழுதினால் பொய்யாகும், தூக்கம்தான் வரவில்லை. ஆனால் அந்தக் கார் மலைச்சாலையில் ஏறும்போது அதன் பின்னிருக்கையில் யாருடைய குழந்தை இருக்கும் என்ற கேள்வி மட்டும் என்னைத் தொடரவில்லை.

அவரிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். மீதிக் காரை எடைக்குப் போட்டபின் நானும் எங்கள் பதிவுச் சான்றை ஒப்படைத்தேன். வண்டி அழிந்தாலோ நிரந்தரமாக ஓடாமற் போனாலோ பதினான்கு நாட்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். பின்னர் அதே எண் வேறெங்கோ ஓடி, வழக்கு வீடு தேடி வருகிறது. 2021க்குப் பிறகு பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. அங்கே வண்டியை ஒப்படைத்தால் அதற்கான சான்றும் கொடுக்கிறார்கள்.

வீட்டு வாசலிலும்

இது காருக்கு மட்டுமான பாடமன்று. பழைய பேப்பர்க்காரரிடம் எடை போடும் இல்லத்தரசியும், பழைய தையல் இயந்திரத்தை விற்கும் சகோதரியும் இதே தராசின் முன்தான் நிற்கிறார்கள். ஊசி விட்டுவிட்டுத் தைக்கும் என்றால் அதைச் சொல்லி விற்கலாம். தலையில் கூடை சுமந்து வருபவரிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடும் நாம், பெரிய கடையில் ஒட்டிய விலைச்சீட்டுக்கு முன்னால் மௌனமாகிவிடுகிறோம். பேரம் பேசுவது உரிமை. ஆனால் எளியவரிடம் மட்டும் அந்த உரிமையைக் காட்டுவது நமக்கு அழகன்று.

அண்மையில் எழும்பூர்ப் பக்கம் போனபோது அந்தத் தெருவில் நடந்தேன். முதியவரின் முக்காலியில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். செல்போனில் வந்த படத்தைப் பார்த்து, எங்கோ இருக்கும் ஒருவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். “பாகத்தில் இந்த இடத்தில் கீறல் இருக்கிறது, படத்தில் தெரியாது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே, அண்ணாச்சியின் கட்டளைப்படி, எதற்கும் விலை கேட்காமல் நடந்தேன்.

விற்பவரும் வாங்குபவரும் அந்தக் கிரவுனும் பினியனும் போலத்தான். உரசல் இல்லாமல் இருவரும் பொருந்துவதில்லை. பல்லோடு பல் நேராகப் பொருந்தினால் வண்டி ஓசையின்றி வெகுதூரம் போகும். ஒரு பக்கம் பொய்யாக இருந்துவிட்டால், அது சிறிது தூரத்திலேயே ஊளையிட்டுக் காட்டிவிடும்.